பெண்ணுக்குப் பெரியப்பா, கி.பி. 1645

ஆவணி 27

என்னைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டு இன்றோடு ஒரு வருஷம் முடிந்தது. மஹாலில் மற்றவர்கள் வேறொரு விஷயத்துக்காக இன்று கூட்டம் போட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து பொன்மாரி திருமண மஹால் மட்டும் தனியாகப் பெயர்ந்து, உள்ளே இருந்த முந்நூறு பேரோடு, ஜெர்மனி தேசத்து மலைக்காட்டில், ஏறத்தாழ நானூறு வருஷம் பின்னால் வந்து விழுந்த நாளும் இதுதானாம். அதுவும் அன்றைக்கே நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் எது முதலில் நடந்தது என்று ஒருவருக்காவது ஞாபகம் இருக்கிறதா? முதலில் என்னை எழுப்பினார்கள். பிறகுதான் மஹால் விழுந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இது மொய் எழுதக் கொண்டுவந்த நோட்டு. பிள்ளையார் சுழிக்குப் பிறகு இதில் யாரும் எதுவும் எழுதவில்லை.

என் தம்பி மகள் மாரிச்செல்விக்கு மறுநாள் முகூர்த்தம். முந்தின நாள் மாலை வரவேற்பு. தம்பி செத்து ஆறு வருஷம் ஆகிறது, ஆகையால் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் நான். அப்படிப்பட்டவன் முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் உப்பு வைத்து, ஊறுகாய் வைத்து, கேசரியும் வைத்தாகிவிட்டது. அப்போது மாப்பிள்ளையின் தகப்பனார், மதுரைத் திருமேனி, என் தோளில் கை வைத்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மைத்துனர் நின்றார். துணைத் தாசில்தாராம்.

“சம்பந்தி, நீங்க நம்ம வீட்டு ஆளுதான. அடுத்த பந்தியில சாவகாசமாச் சாப்பிடலாம், வாங்க” என்றார்.

எழுந்தேன். திருமேனி மன்னிப்புக் கேட்கும்வரை தாரை வார்க்க மாட்டேன், இப்போதே கயத்தாறு பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் பையோடு வாசலுக்கு வந்தேன். சொன்ன சொல்லை மாற்றுகிறவன் இல்லை நான். வாசலில் ரோடு இல்லை. மரங்கள் இருந்தன. பன்றிகளோடு ஒரு கிழவர் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்ததும் முழங்காலிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அன்று எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

பஸ் இல்லாத காரணத்தால் ஜெனரேட்டர் அறையில் தங்கியிருக்கிறேன். பை கட்டியபடியே இருக்கிறது.

ஆவணி 30

மழை. ஆண்டு விழாவில் மஹால் மேனேஜர் ஞானதுரை பேசியதைச் செல்வி வந்து சொன்னாள். இப்போது அவர்தான் இங்கே ராஜா மாதிரி. மண்டபத்தை மதியம் மூன்று மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்ற விதியைத் தாம் பெருந்தன்மையோடு தளர்த்தியிருப்பதாகச் சொன்னாராம். கைதட்டினார்களாம்.

வாசல் போர்டில் ‘முழுவதும் குளிர்சாதன வசதி’ என்று இன்னும் இருக்கிறது. போன மார்கழியில் உறைபனியில் நடுங்கிக்கொண்டு அதைத் தினமும் வாசித்தேன்.

புரட்டாசி 4

எனக்குச் சாப்பாடு செல்விதான் கொண்டுவருகிறாள். வாற்கோதுமைச் சோறு, பட்டாணிச் சாம்பார், புளிக்குப் பதில் புளித்த ஆப்பிள். வாழை இலைக்குப் பதில் முட்டைக்கோஸ் இலை. சாப்பாட்டுக் கூடத்தில் நான் கால் வைத்து ஒரு வருஷம் ஆகிறது. அறைக்கு வருகிற சாப்பாடு பந்தியில் சேராது, ஆகவே இதில் கொள்கை மீறல் எதுவும் இல்லை.

இந்த ஊர் பாஷையை நானே படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ரேடியோ கேட்டு இந்தி படித்தேன், லாரி டிரைவர்களோடு பேசித் தெலுங்கு படித்தேன். இங்கே அந்தப் பன்றிக் கிழவரோடு தினமும் பேசி ஜெர்மன் படித்தேன். செல்வி கீழே இருக்கிற தேவாலயத்துப் போதகர் மனைவியிடம் பாடம் கேட்டாள். சொல்லிக்கொடுத்துப் படிப்பதற்கும் தானாகப் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பெரிய மனிதர்கள் வந்தால் நான்தான் பேசுகிறேன். நான் சொன்னதை அவள் ஒரு முறை திருப்பிச் சொல்வாள். எதையும் இரண்டு தடவை கேட்டுக்கொள்வது இந்த ஊர்ப் பெரியவர்களின் மரியாதை போலிருக்கிறது.

புரட்டாசி 9

கெட்ட செய்தி. கீழ் ஊரில் தங்கியிருக்கிற சுவீடன் பட்டாளத்துக் கர்னல் ஆள் அனுப்பியிருக்கிறார். பள்ளத்தாக்கின் ஒரு பாதி பிரபுவுக்குச் சொந்தம், மறு பாதி கிறிஸ்தவ மடத்து மடாதிபதிக்குச் சொந்தம். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் குதிரைகளுக்குத் தீவனம் கொடுத்தால் பட்டாளம் பேசாமல் போய்விடுமாம். இல்லையென்றால் ஐப்பசி இருபதுக்குள் இங்கே இருக்கிற கல்யாணமாகாத ஆண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போகுமாம். கல்யாணமானவன் பாதியில் வீட்டுக்கு ஓடிவிடுவான் என்பது கர்னலின் அனுபவம்.

போனவர்கள் திரும்புவதில்லை. பன்றிக் கிழவருக்கு மூன்று மகன்கள் இருந்தார்கள்.

பிரபுவும் மடாதிபதியும் ஏசுநாதரைத்தான் கும்பிடுகிறார்கள். எப்படிக் கும்பிடுவது என்பதில் இருபத்தேழு வருஷமாக யுத்தம்.

புரட்டாசி 16

மஹாலுக்கு இப்படி ஒரு சீசன் வந்ததே இல்லை. காலையில் இரண்டு கல்யாணம், மாலையில் ஒன்று. வீடியோக்காரர் கீழ் ஊரில் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார். தவில்காரருக்கு ரொட்டிக் கடைக்காரர் மகள். அவர் கல்யாணத்துக்கு அவரே வாசித்தார், தாலி கட்டும்போது மட்டும் நிறுத்தினார். சமையல் மாஸ்டருக்கு அறுபது வயது, பிரம்மச்சரிய விரதம் என்பார். அவரும் நேற்று ஓர் அம்மாளைப் பார்த்து முடித்துவிட்டார். மஞ்சள் தீர்ந்துவிட்டதால் தாலிக்கயிற்றுக்கு ஏதோ பூவை அரைத்துச் சாயம் ஏற்றுகிறார்கள்.

இந்த மஹால் யாருடைய கல்யாணத்துக்காக எடுக்கப்பட்டதோ அந்த மாப்பிள்ளை ஒருவன்தான் பாக்கி. செந்தூர்பாண்டி. லேத் பட்டறை வைத்திருந்தவன். நல்ல பையன்தான், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. தினமும் காலையில் இந்த அறை வழியாகப் போகும்போது “வாரேன் மாமா” என்பான். நான் தலையை மட்டும் அசைப்பேன்.

புரட்டாசி 21

செல்வியும் அவள் அம்மா பேச்சியும் வந்தார்கள். பேச்சி வாசலில் நின்றாள், செல்வி உள்ளே வந்து டீசல் டின் மேல் உட்கார்ந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்து அதற்குத் தயாராக இருந்தேன். அவள் அழவில்லை.

“பெரியப்பா, அம்மாவே தாரை வாத்துக் குடுக்கட்டும்னு எல்லாரும் சொல்றாங்க. அம்மாவும் சரின்னுட்டா” என்றாள்.

புருஷன் இல்லாதவள் எப்படிச் செய்வாள் என்று கேட்டேன். ஆயிரத்து அறுநூத்து நாப்பத்தஞ்சுல அதை யாரு கேக்கப்போறா என்றாள். அப்படியென்றால் செய்துகொள்ள வேண்டியதுதானே என்றேன்.

“எனக்குத்தான் ஒப்பல. அப்பாவைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு என்கிட்ட வந்து ‘இனி நாந்தாம்ளா’ன்னு சொன்னது நீங்க. அது நீங்க குடுத்த வாக்கு. அதை நீங்க காப்பாத்தாம நான் மணையில உக்கார மாட்டேன்.”

பாண்டியைப் பட்டாளத்தில் கொண்டுபோய்விடுவார்களே என்றேன்.

“ஆமா, கொண்டுபோயிருவாங்க” என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தப் பிடிவாதம் அவளுக்கு அம்மா வழியில் வந்தது.

திருமேனியிடமும் தூது போயிருக்கிறார்கள். அவர் பதிலைப் பேச்சி சொன்னாள். அவர் என்னை மரியாதையாகத்தான் எழுப்பினாராம். இப்போது மன்னிப்புக் கேட்டால் மரியாதை இல்லாமல் எழுப்பியதாக ஆகிவிடுமாம். மகனுக்கு ஆபத்து வந்திருக்கும்போது ஒரு தகப்பன் பேசுகிற பேச்சா இது? அந்த ஆளின் அகங்காரம் எனக்கு விளங்கவே இல்லை.

புரட்டாசி 27

பிரபுவும் மடாதிபதியும் தீவன விஷயத்தைப் பேச ஆளுக்கொரு தூதரை அனுப்புகிறார்கள். பொது இடம் வேண்டும் என்று நம் மஹாலைக் கேட்டிருக்கிறார்கள். ஞானதுரைக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கடிதம் எழுதிவிட்டார்.

மடத்துத் தூதர் அம்புரோஸ் சாமியார் இன்று வந்து இறங்கினார். பிரபுவின் தூதர் வரவில்லை. விசாரித்தால், இரண்டு பேரும் ஒரே தேதியைத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மடத்தில் போப்பாண்டவர் கொடுத்த புதுக் காலண்டர், பிரபு வீட்டில் பழைய காலண்டர். இரண்டுக்கும் பத்து நாள் இடைவெளி. அடுத்தடுத்த ஊர்கள், ஒரே சூரியன். சாமியார் பத்து நாளும் நம் சோற்றைத்தான் சாப்பிடப் போகிறார்.

இதற்காகத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே தமிழ்த் தேதி போடுகிறேன். கேலி செய்தார்கள்.

ஐப்பசி 7

பிரபுவின் தூதர் ரெட்பெர்க் அவர் கணக்கில் சரியான நாளில் வந்தார். தாமதமாக வந்ததாகச் சாமியார் சொன்னார். சீக்கிரம் வந்ததாக இவர் சொன்னார். எந்தத் தேதி போட்டுப் பேச்சைத் தொடங்குவது என்பதில் முட்டிக்கொண்டது. நான் போய் இது ஐப்பசி ஏழு என்றேன். செல்வி அதைத் திருப்பிச் சொன்னாள், கொஞ்சம் நீளமாக. இரண்டு பேரும் யோசித்தார்கள். யாருடைய தேதியும் இல்லாததால் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஜெர்மனியில் ஒரு ராஜாங்கக் காகிதம் இன்று ஐப்பசி ஏழு என்று தொடங்குகிறது. ஞானதுரை வந்து என் கையைக் குலுக்கினார். ஒரு வருஷத்தில் முதல் தடவை.

ஐப்பசி 9

இரண்டு நாளாக இரண்டு தூதர்களும் வாசலில் ஆளுக்கொரு வண்டியில் மழையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து நாள் உள்ளே சாப்பிட்ட சாமியாரும், பேச்சுக்கு முறைப்படி நுழைய வேண்டும் என்று வெளியே போய் வண்டியில் ஏறிக்கொண்டார். மஹாலுக்கு ஒரே வாசல். முதலில் இறங்குகிறவர் சின்னவர், முதலில் நுழைகிறவர் பெரியவர். ஆகவே இறங்கவும் முடியவில்லை, நுழையவும் முடியவில்லை. நம் ஆட்கள் ஜன்னலில் நின்று சிரிக்கிறார்கள். திருமேனியும் சிரித்ததைக் கண்டேன்.

நான் சிரிக்கவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு மரியாதை என்றால் என்னவென்று தெரிந்த மனிதர்களைப் பார்க்கிறேன்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கவாட்டில், வெளியிலிருந்தே நுழைய, இரண்டு கதவுகள் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஒன்றில் ‘பெண் வீட்டார்’, மற்றதில் ‘மாப்பிள்ளை வீட்டார்’ என்று எழுதியிருக்கும். குடையோடு ரெட்பெர்க்கின் வண்டிக்குப் போய், உங்களுடையது மாப்பிள்ளை வீட்டார் கதவு, அதுதான் எங்கள் ஊரில் உசத்தி என்று சொன்னேன். அப்புறம் சாமியாரின் வண்டிக்குப் போய் அதையே சொன்னேன். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள்.

பேச்சு ஒழுங்காக நடக்கிறது. தீவனக் கணக்குப் பாதி முடிந்துவிட்டதாம். கையெழுத்தாகிவிட்டால் பாண்டிக்கு ஆபத்து இல்லை. என் கொள்கைக்கும் ஆபத்து இல்லை. இன்று சாம்பாரை ஒரு கரண்டி அதிகம் வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசி 13

எல்லாம் போயிற்று. பொறுமையாக எழுத முயல்கிறேன்.

நாளைக்குக் கையெழுத்து என்று முடிவானதும் ஞானதுரை மத்தியானம் விருந்து வைத்தார். நான் உள்ளே போகாதவன் என்பதால் ஜன்னலில் நின்று பார்த்தேன். முதல் பந்தியில் இரண்டு தூதர்களும் அவர்கள் ஆட்களும். சமையல் மாஸ்டர், புது மாப்பிள்ளை உற்சாகத்தில், பருப்புப் பாயசம் வரைக்கும் போயிருந்தார். வாசனை மஹால் முழுக்கப் பரவியது. நம் ஆட்கள் முந்நூறு பேர். பருப்புப் பாயசம் பார்த்து ஒரு வருஷம் ஆனவர்கள்.

நம் ஆட்கள் கல்யாண வீட்டில் என்ன செய்வார்கள்? அதையே செய்தார்கள். சாப்பிடுகிறவன் எழுந்ததும் உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஓர் ஆள் போய் நின்றான். ஒரு கை நாற்காலியில், ஒரு கண் இலையில். துணைத் தாசில்தார் சாமியாரின் பின்னால் நின்று இலையை எட்டிப் பார்த்தார்.

சாமியாரின் காவலன் இப்படி ஒன்றைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. எசமானுக்குப் பின்னால் ஒருவன் சத்தமில்லாமல் குனிகிறான், கை முதுகுப் பக்கம் இருக்கிறது. அவன் கத்தியை உருவினான். அதைப் பார்த்து ரெட்பெர்க்கின் காவலர்களும் உருவினார்கள். இலைகள் பறந்தன. துணைத் தாசில்தார் மேஜைக்கு அடியில் போய்விட்டார்.

செல்வி ஓடிப்போய் நடுவில் நின்றாள். இவர்கள் கொலைகாரர்கள் இல்லை, பசிக்காரர்கள் என்று விளக்கினாள். கத்திகள் உறைக்குள் போயின. சாமியார்கூட லேசாகச் சிரித்தார். எல்லாம் அடங்கிவிட்டது.

அப்போது ஞானதுரை, கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிற நினைப்பில், ரெட்பெர்க்கின் தோளில் கை வைத்தார். பின்னால் ஆள் நிற்கிறது, நீங்கள் நம் வீட்டு மனிதர், மிச்சத்தை உள் அறையில் சாப்பிடலாம் என்று சைகை காட்டினார்.

ரெட்பெர்க் எழுந்தார். இலையில் பாயசம் இருந்தது. அவர் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் நேராக வெளியே நடந்தார். சாமியாரை உட்காரவிட்டுத் தன்னை எழுப்பியதாக அவர் சொன்னார். எழுப்பிய வீட்டில் மடத்தின் கையெழுத்தும் விழாது என்று சாமியாரும் எழுந்துவிட்டார், தம்மை எழுப்பாததால் தம் மேல் சந்தேகம் வருமாம். காகிதங்களை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி 14

யாரும் யாரோடும் பேசவில்லை. இரண்டு வண்டிகளிலும் சக்கரம் உடைந்ததால் தூதர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

ஐப்பசி 16

ரெட்பெர்க் என் அறைக்கு வந்தார். நானும் அப்படி எழுப்பப்பட்டவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டீசல் டின்னைத் துடைத்து உட்காரச் சொன்னேன். என் கதையை முழுக்கச் சொன்னேன், உப்பு வைத்ததிலிருந்து. செல்வி திருப்பிச் சொன்னாள். இன்று அதிசயமாக ஒரு வார்த்தைகூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை என்று தோன்றியது. ரெட்பெர்க் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். இந்த ஒரு வருஷத்தில் என் பக்கத்து நியாயத்தைக் குறுக்கே பேசாமல் கேட்ட முதல் மனிதர்.

பிறகு அவர் தன் முடிவைச் சொன்னார். பள்ளத்தாக்கே எரிந்தாலும் சரி, இங்கே இருக்கிற பையன்கள் ஒருவன் பாக்கியில்லாமல் போனாலும் சரி, மேனேஜர் மன்னிப்புக் கேட்காமல் பேச்சுக்கு உட்கார மாட்டாராம். அவர் மகனும் பட்டாளத்தில்தான் இருக்கிறானாம், உயிரோடு இருக்கிறானா என்று தெரியவில்லையாம். அதையும் அதே குரலில் சொன்னார்.

செல்வி அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

அவர் சொன்னது முழுக்க நியாயம். ஆனாலும் கேட்கும்போது நெஞ்சில் என்னவோ அடைத்தது. பட்டாணிச் சாம்பார் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஞானதுரையிடம் போய் மன்னிப்புக் கேட்டால் என்ன என்று கேட்டேன். மஹால் நிர்வாகம் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை என்றார். இந்தப் பிடிவாதக்காரர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

ஐப்பசி 18

நாளைக்கு வருகிறார்கள்.

பாண்டி காலையில் என் அறைக்கு முன்னால் நின்றான். “வாரேன் மாமா” என்று வழக்கம்போலத் தொடங்கியவன், இன்று “போய்ட்டு வாரேன் மாமா” என்றான். நான் தலையை அசைத்தேன்.

ஐப்பசி 19

பட்டாளத்து எழுத்தர் ஒருவர், ஆறு குதிரை வீரர்கள். மஹால் வாசலில் அலங்கார வளைவுக்குக் கீழே நம் மேஜையையே போட்டு உட்கார்ந்தார்கள். கல்யாணமானவர்கள் மனைவியோடு வந்து நின்று காட்ட வேண்டும். சமையல் மாஸ்டரின் அம்மாள் அவர் கையை விடவே இல்லை. வரிசை முடிந்ததும் பாண்டி தனியாக நின்றான். மேலே ‘மணமகன் செந்தூர்பாண்டி, மணமகள் மாரிச்செல்வி’ என்ற பேனர் இன்னும் தொங்குகிறது, வெளுத்துப்போய். அதற்குக் கீழே, கீழ் ஊர்ப் பையன்களைக் கட்டியிருந்த கயிற்றில் அவனையும் சேர்க்க ஒரு வீரன் இறங்கினான்.

நான் வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன். என் பக்கத்தில் திருமேனி நின்றார். அவருக்கு இந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. வீரன் மகன் கையைப் பிடித்ததும் அவர் கை தானாக எழுந்தது, பிறகு இறங்கியது. என் பக்கம் திரும்பினார்.

“சம்பந்தி,” என்றார், “நான் அன்னைக்கு...”

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. மன்னிப்புக் கேட்கப் போகிறார். இந்த நிலைமையில், இந்த ஆறு குதிரைகளுக்கு முன்னால், மகன் உயிருக்குப் பயந்து கேட்கப் போகிறார். அது என்ன மன்னிப்பு? பிடுங்கி வாங்கிய மன்னிப்பு. அதை வாங்கிக்கொண்டால் ஒரு வருஷமாக நான் கட்டிக்காத்த நியாயம் அவ்வளவும் கெட்டுப்போகும். நாளைக்கு எவனும் சொல்லுவான், பையனைப் பணயம் வைத்துக் கிழவன் காரியம் சாதித்தான் என்று. அவர் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் தடுத்தாக வேண்டும். வேறு வழி இல்லை.

நான் எழுத்தரைப் பார்த்துச் சத்தமாக, ஜெர்மனில், அவனை விடு, அவன் கல்யாணமானவன், என் மருமகன் என்றேன்.

செல்வி உள்ளே இருந்தாள், திருப்பிச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் எழுத்தர் ஒரே தடவையில் புரிந்துகொண்டார். உமக்கு இந்தப் பேச்சு எங்கே கிடைத்தது, என் அப்பா பன்றிகளோடு இப்படித்தான் பேசுவார் என்றார். நானாகப் படித்தது என்றேன்.

பெண் யார் என்று கேட்டார்.

“என் மகள்” என்றேன். தம்பி மகளுக்கு இந்தப் பாஷையில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

யார் கொடுத்தது என்று கேட்டார். நான் கொடுத்தேன் என்றேன். எப்போது? போன வருஷம் ஆவணி இருபத்தெட்டு. அது எந்தக் காலண்டர்? என்னுடையது. எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த மஹாலைச் சேராத சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும் என்றார். சாட்சி இருக்கிறதா என்று கேட்டபோது சிரித்தார்.

தூதர்கள் இருவரும் வண்டி ஏற நின்றிருந்தார்கள். செல்வியையும் பாண்டியையும் கல்யாணமாகாதவர்களாகத்தான் அவர்களுக்குத் தெரியும். ரெட்பெர்க் என்னைப் பார்த்தார், பிறகு திருமேனியைப் பார்த்தார். அப்புறம் ஆம் என்றார். சாமியாரும் அதே மூச்சில் ஆம் என்றார். காகிதம் கிழிந்த பிறகு அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் ஒரு பொய். யார் முதலில் சொன்னது என்று அங்கேயே தகராறு கிளம்பியது, அந்தத் தகராறில் சலித்துப்போய் எழுத்தர் பாண்டியின் பெயரை அடித்துவிட்டு எழுந்தார். வீரன் கையை விட்டான்.

திருமேனி தரையில் உட்கார்ந்துவிட்டார். பாதியில் நின்ற அந்த வாக்கியம் அவர் வாயிலேயே இருந்தது. நான் கையைக் காட்டி, வேண்டாம் என்றேன்.

குதிரைகள் மறைந்ததும் செல்வி வந்தாள். என்ன நடந்தது என்று அதற்குள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பேச்சி பின்னால் சொம்போடு நின்றாள்.

“பெரியப்பா, பொய் சொல்லிட்டீங்களே” என்றாள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். என் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் அதை மெய்யாக்காமல் தூங்க முடியாது. முகூர்த்த நேரமா என்று பார்க்கக்கூட நிற்கவில்லை. மணையில் நின்று சொம்பை வாங்கினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. செல்வியின் கை மேல் ஊற்றினேன், அவள் கை பாண்டியின் கை மேல் இருந்தது. தவில்காரர் கல்யாணமான மனிதராக நின்று முழுசாக வாசித்தார். பேச்சி அழுதாள். தம்பி இருந்திருந்தால் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். கண்ணில் புகை பட்டது, மஹாலில் விறகு அடுப்புதான் இப்போது.

ஐப்பசி 20

நேற்று நடந்ததைப் பற்றி மஹாலில் தப்பாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தளவாய் அண்ணாச்சி, அதாவது நான், இறங்கி வந்துவிட்டேனாம், பகை தீர்ந்ததாம். ஞானதுரை அதை மைக் இல்லாமலே அறிவித்தாராம்.

எழுதி வைக்கிறேன். நான் சொன்னதெல்லாம் சுவீடன் பட்டாளத்து எழுத்தரிடம், ஜெர்மன் பாஷையில். திருமேனியிடம் தமிழில் இதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை, நான் முடிக்க விடவில்லை. ஆகவே வழக்கு அப்படியே நிற்கிறது. இதற்குச் சமாதானம் என்று பெயர் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. போர்நிறுத்தம், அவ்வளவுதான்.

காலையில் பாண்டி இந்தப் பக்கம் வரவில்லை. புது மாப்பிள்ளை, எழ நேரமாகியிருக்கும். அவனுக்குப் பதில் திருமேனி வந்தார். கையில் இரண்டு டம்ளர், வறுத்த வாற்கோதுமைக் காப்பி. ஒன்றை வாசற்படியில் வைத்துவிட்டு, போகாமல், வெளியே கல்லில் உட்கார்ந்து மற்றதைக் குடித்தார்.

காப்பி ஆறிப்போவதற்குள் எடுத்துக்கொண்டேன். அவர் டம்ளர் காலியாகும்வரை நான் உள்ளேயிருந்து குடித்தேன். நாளைக்கும் வந்தால், சர்க்கரை இல்லாத குறையை மட்டும் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.